ஐந்தாவது இறக்கை

தென்காசி வட்டாரத்தில் கோமதிநாயகம் எடுத்த கல்யாணப் படம் இல்லாத வீடு குறைவு. கோமதிநாயகம் இருக்கிற கல்யாணப் படமோ எந்த வீட்டிலும் கிடையாது. படம் எடுக்கிறவன் படத்தில் விழமாட்டான், இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் தவளைக்கண் லென்ஸைப் பார்க்காதவர்கள்.

உள்ளங்கையில் அடங்குகிற ட்ரோன். அதன் வயிற்றில் தவளையின் கண்ணைப் போலப் பிதுங்கிக்கொண்டு ஒரு லென்ஸ். கீழே தெரியும், நாலு பக்கமும் தெரியும், கொஞ்சம் முதுகுக்குப் பின்னாலும் தெரியும். ஒரே சொடுக்கில் மண்டபம், வாசல் பந்தல், செருப்புக் குவியல், பந்திக்கு முந்துகிற சித்தப்பா, பின்கட்டில் அப்பளம் பொரிக்கிறவர் என்று எல்லாரும் அகப்பட்டுவிடுவார்கள். எல்லாரும் என்றால், ரிமோட்டோடு நிற்கிற நாயகமும்தான். முதல் வருடம் எடுத்த அத்தனை படத்திலும் மூலையில் ஓர் ஆள் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். மாலை மாற்றும்போது நின்றார். தாலி கட்டும்போதும் நின்றார். மறுவீட்டுக்குக் கார் கிளம்பும்போது காரைவிடப் பெரிதாகத் தெரிந்தார். பாவூர்சத்திரத்தில் ஒரு மாமியார் ஆல்பத்தைப் பட்டென்று மூடிவைத்துவிட்டு, "யாருய்யா இந்த ஆளு? பொண்ணுக்கு முன்னாடியே பேசி விட்டுப்போன மாப்பிள்ளையா?" என்று கேட்டதில் சம்பந்தி வீடுகள் இரண்டுபட இருந்தன.

அது மட்டுமல்ல. லென்ஸ் இத்தனை அகலமாகப் பார்த்தால் ட்ரோனின் சொந்த இறக்கைகளே படத்துக்குள் வந்து விழும். ஓரத்தில் நிற்கிறவர்கள் ஜவ்வு மிட்டாயாக நீண்டுபோவார்கள். இதையெல்லாம் சரிக்கட்ட லென்ஸுக்குப் பின்னாலேயே ஒரு சின்ன மூளையை ஒட்டினார்கள். அது நீண்டவர்களைக் குறுக்கும், இறக்கைகளை அழிக்கும், அழித்த இடத்தில் ஓட்டை தெரியாமலிருக்கப் பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒட்டும். இத்தனையும் செய்கிறோம், கூடவே அந்த ஆபரேட்டரையும் அழித்துவிட்டால் என்ன என்று கம்பெனிக்குத் தோன்றியது. தவளைக்கண் ட்ரோன் வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொண்டால் போதும், பிறகு எந்தப் படத்திலும் விழமாட்டார்கள் என்று அறிவித்தார்கள்.

"அதுக்கு இறக்கை நாலு. நான் அஞ்சாவது," என்று நாயகம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பதினான்கு பக்க ஒப்பந்தத்தில் முதல் பக்கத்தை அவர் படித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். நடுவில் இருந்த பன்னிரண்டும் தனக்கும் கம்பெனிக்கும் உள்ள பரஸ்பர மரியாதை என்று விட்டுவிட்டார்.

பதிவு என்றால் ஒரு போட்டோவைக் கொடுத்துவிட்டு வருகிற வேலையில்லை. ஆபரேட்டரை எந்தக் கோலத்தில் பார்த்தாலும் மூளை அடையாளம் காண வேண்டும்; மூன்று நாள் ட்ரோனுக்கு அடியில் நின்று தன்னைத்தானே காட்டிக்கொடுக்க வேண்டும். நாயகம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவரல்ல; அவருடைய கெட்ட குணங்களில் அது முதலாவது. நின்றார், குனிந்தார், குத்தவைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு கல்யாண வீட்டில் ஆபரேட்டர் கண்ணயர்வது உண்டென்பதால் மல்லாக்கப் படுத்தார், ஒருக்களித்தும் படுத்தார். சாரலில் நனைந்தபடி, தார்ப்பாயைப் போர்த்தியபடி, குடையோடு, பையோடு, சிவப்புத் துண்டோடு என்று காட்டி, கையில் எது இருந்தாலும் அதுவும் ஆபரேட்டர் சாமான்தான் என்று மூளைக்குப் பாடம் சொன்னார். கூட்டத்தை விலக்க இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவார்களே, அதை மட்டும் நூறு தடவை செய்தார். தான் செய்ததோடு நிற்காமல், தொழிலுக்குப் புதிதாக வந்திருந்த மச்சினன் குற்றாலலிங்கத்தையும் பிடித்துவந்து நூறு தடவை செய்யவைத்தார்.

"அத்தான், இப்படி அங்குலம் அங்குலமா அழிஞ்சா நாளைக்கு எமன் வந்தாக்கூட நம்மளக் கண்டுபிடிக்க மாட்டாம்போல," என்றான் லிங்கம்.

"நல்லதுதானல. நூறு வயசு இரி."

அது நடந்து பதினொரு வருடம் ஆகிறது. இதற்குள் தவளைக்கண் எங்கும் வந்துவிட்டது. சின்ன ட்ரோனால் கனமான கேமரா எதையும் தூக்க முடியாது. எனவே எல்லாச் சின்ன ட்ரோனிலும் அதே லென்ஸ், அதே மூளை, அதே பெயர்ப்பட்டியல். ஹெல்மெட் போடாமல் போன நாயகத்தைப் போலீஸ் ட்ரோன் கண்டுகொள்ளவில்லை. ஆளில்லாத ஸ்கூட்டர் ஒன்று ஒழுங்காக இடப்பக்கம் போவதைப் பார்த்துத் திருப்தியோடு திரும்பிப்போனது. வீட்டுக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வந்த ட்ரோன், மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நாயகத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி வடிவைத் தனியாள் என்று எழுதிக்கொண்டது.

"விதவைப் பென்சனுக்கு எழுதிப்போட்டுரட்டா?" என்று கேட்டாள் வடிவு.

"போடு. வந்தா பாதி எனக்குத் தரணும்," என்றார் நாயகம். இருவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு நின்றது இந்த ஆனி மாதத் தொடக்கத்தில்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் ஜோடிகளை நிறுத்திப் படம் எடுக்க நல்ல இடம் பார்த்து வருகிறேன் என்று லிங்கம் கூனிமொட்டை மலைக்குத் தனியாகப் போனான். இருநூறு ஜோடிகளை அருவிக்கரையில் கைகோத்து நிற்கவைத்தவன். தனக்கென்று ஒரு ஜோடி தேட நேரமில்லாதவன். மதியத்துக்கு மேல் மலையில் பெய்த மழையில் ஓடை பெருகி வந்தது. ராத்திரி ஆள் திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை. காலையில் அடிவாரத்தில் அவன் பைக் மட்டும் நின்றது. அதன்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தது.

அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தின் சத்துணவுக்கூடத்தில் மீட்புப்படை இறங்கியிருந்தது. முட்டைத் தட்டுகளை ஓரமாக அடுக்கிவிட்டு மேசைமேல் நாலு திரை. படைக்குத் தலைவி பியூலா என்கிற அதிகாரி. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம். நாயகமும் வடிவும் உள்ளே நுழைந்தபோது மணி பத்தரை.

"சார், பன்னிரண்டு ட்ரோன் விட்டிருக்கோம். மொத்த மலையையும் நாலு தடவை அலசியாச்சு," என்றாள் பியூலா. "பாருங்க."

திரையின் அடியில் பச்சை எழுத்தில் 'மனிதர்: 0' என்று இருந்தது.

"அப்படின்னா?" என்றாள் வடிவு.

பியூலா நாயகத்தைப் பார்த்துச் சொன்னாள். "மலையில இல்லன்னா ஓடை இழுத்துட்டுப் போயிருக்கணும். மூணு மணிக்கு மேல மேகம் இறங்கிரும், அதுக்கப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. நாங்க பதினாலு பேரு. இங்க தேடுறதா, கீழ குளத்துல தேடுறதான்னு முடிவு பண்ணணும். குளத்துக்கு அனுப்பலாம்னு பாக்கேன்."

குளத்தில் தேடுவது என்றால் என்ன என்று வடிவுக்குப் புரிந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாயகம் உட்காரவில்லை. அவர் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், குளத்துக்கு அனுப்பாதிய. இந்தப் படத்துல அவன் தெரிய மாட்டான்."

"எங்க ட்ரோன்ல முயல் தெரியும் சார். காலையில ஒரு கீரிப்பிள்ளைய ஆளுன்னு நினைச்சு ரெண்டு பேர அனுப்பினோம்."

"கீரிப்பிள்ளை கம்பெனில கையெழுத்துப் போடல மேடம். அவன் போட்டிருக்கான்." நாயகத்தின் குரல் இறங்கியது. "ஆபரேட்டர் பதிவு. இந்த மூளை அவனை ட்ரோனோட இறக்கைன்னு நினைச்சு அழிச்சிரும். நிமிந்தாலும் அழிக்கும், படுத்தாலும் அழிக்கும்."

"கையை ஆட்டினா? துணிய ஆட்டினா?"

"அதைத்தான் முதல்ல அழிக்கும். நூறு தடவை ஆட்டவச்சுப் பழக்கியிருக்கு. சிவப்புத் துண்டு, தார்ப்பாய், பை..." சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். "ஒண்ணையும் விடல."

"அழிக்கிறத நிறுத்திட்டு ஒரு படம் எடுக்க முடியாதா?"

"மூளை லென்ஸோட முதுகுலயே ஒட்டியிருக்கு. படம் பிறக்கும்போதே அழிச்சிட்டுத்தான் பிறக்கும். அழிக்காத படம்னு ஒண்ணு எங்கயும் கிடையாது."

பியூலா கம்பெனிக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லிப் பதினொரு நிமிடம் வீணை வாசித்த பிறகு ஓர் இனிமையான பெண்குரல், பட்டியலிலிருந்து பெயரை நீக்க இருபத்தொரு வேலைநாள் ஆகும் என்றும், விண்ணப்பத்தில் ஆபரேட்டரே நேரில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னது.

"அவன் நேர்ல வந்துட்டா நாங்க ஏம்மா ஒனக்குப் போன் போடுதோம்?" என்று கத்தினார் நாயகம். குரல் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

வடிவு மெதுவாகக் கேட்டாள், "நூறு தடவை ஆட்டவச்சது யாரு?"

"நான்தான்."

பதினொரு வருடத்து நகைச்சுவைகள் எல்லாம் வரிசையாக வந்து அவர் முன்னால் நின்றன. ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை. வடிவு திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, திரைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இத எப்படித் தள்ளணும்? வீட்டுல உள்ள மாதிரிதானா?" என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டாள். அவர் காட்டியதும் ஒற்றை விரலால் படங்களைத் தள்ள ஆரம்பித்தாள்.

"ஏட்டி, நீ என்ன பாக்குத? அவன் அதுல இல்லன்னுதான் சொல்லுதேன்லா."

"அவன் இல்ல. ஆனா அவன் இருந்த இடம் இருக்கும்லா? அழிச்சிட்டுச் சும்மாவா விடும்? பக்கத்துல உள்ளத எடுத்துல்லா ஒட்டும். அழிச்ச இடத்துக்கு இடது பக்கம் இருக்கறததான் எடுக்கும். வேற பக்கம் எடுத்து நான் பாத்ததே இல்ல. ஒட்டுன இடத்துல ஒரே சாமான் ரெண்டு தடவை இருக்கும்."

நாயகம் இருபது வருடம் ட்ரோன் விட்டவர். இது அவருக்குத் தெரியாது.

"சுரண்டைக் கல்யாணத்துல ஒரு ஆச்சி மூக்குப்பொடி போட்டுட்டு நிப்பாவளே, ரெட்டைப் பிறவின்னு எல்லாரும் சொன்னாவளே," என்றாள் வடிவு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒத்தைப் பிறவிதான். ரெண்டாவது ஆச்சி நீங்க."

"நானா?"

"கடையநல்லூர்ல ஒரே குத்துவிளக்கு ரெண்டு. செங்கோட்டையில பாயசவாளி. ஆய்க்குடியில..." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஆய்க்குடியில எருமை மாடு."

பியூலா சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

மத்தியான வேளைகளில் வடிவு மடியில் டேப்லட்டை வைத்துக்கொண்டு, அவர் எடுத்துவந்த கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பாள். புடவை பார்க்கிறாள் என்றுதான் இத்தனை வருடமாக நாயகம் நினைத்திருந்தார். நல்ல புடவையாக ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றுகூட இரண்டு தடவை நினைத்திருந்தார்.

"நீ... என்னையா தேடிட்டு இருந்த?"

"பெறவு? வாரத்துல அஞ்சு நாள் கல்யாண வீட்டுலதானே கெடக்கீய. எங்க நிக்கீய, வெயில்ல நிக்கீயளா, பக்கத்துல யாரு நிக்கான்னு பாக்க வேண்டாமா?" விரல் தள்ளிக்கொண்டே இருந்தது. "சும்மா நிக்காம நீங்களும் அந்தத் திரையப் பாருங்க."

பியூலா குளத்துக்கு ஆள் அனுப்பவில்லை. பகல் ஒரு மணி வரைக்கும் பார்க்கலாம் என்றாள். நாலு திரைக்கும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். ட்ரோன்கள் மலைமேல் திரும்பத் திரும்பப் பறந்து படம் அனுப்பிக்கொண்டே இருந்தன.

கல்யாண மண்டபம் வேறு, மலை வேறு. மண்டபத்தில் ஒரு குத்துவிளக்கு இரண்டானால் கண்ணில் படும். காட்டில் ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் என்ன வித்தியாசம்? நாயகம் முதல் கால்மணி நேரத்தில் ஆறு இடத்தைக் கண்டுபிடித்தார். ஆறும் உண்மையிலேயே இரட்டையாக வளர்ந்த மரங்கள். ஏழாவதாக ஒரு மூங்கில் புதரைக் காட்டியபோது வடிவு எட்டிப் பார்த்துவிட்டு, "அது மூங்கில். அப்படித்தான் இருக்கும்," என்றாள்.

பதினொன்றரைக்கு ஊழியர் ஒருவர் துள்ளி எழுந்தார். அடிவாரத்துக்குச் சற்று மேலே, ஒரே கரையான் புற்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. புற்றின் உச்சியில் இருந்த கோணல்கூட ஒன்றுபோல. வடிவு பார்த்தாள். "இது அதேதான்," என்றாள். நாலு பேர் கயிற்றோடு ஓடினார்கள். பத்து நிமிடத்தில் வயர்லெஸ்ஸில் பதில் வந்தது.

"மேடம், ஆளப் பிடிச்சாச்சு. ஆனா இது நம்ம ஸ்டீபன் சார். ட்ரோன் விட்டுட்டு டீ குடிச்சிட்டு இருக்காரு."

மீட்புப்படை ஆபரேட்டர்களும் பதிவு செய்தவர்கள்தாம் என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. மூன்று பேர் மலையில் மூன்று இடத்தில் நிற்கிறார்கள். பியூலா அவர்களை வயர்லெஸ்ஸில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே அசையாமல் நில்லுங்கள் என்று சொல்லி, அந்த மூன்று இடத்தையும் படத்தில் பேனாவால் குறித்துக்கொண்டாள். அதைச் சொல்லி முடித்தபின், தன்னிடம் இருந்த, காணாமல் போனவர்களின் பழைய ஃபைல்கள் ஞாபகம் வந்தவளைப்போலக் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமலே நின்றாள்.

பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. மலை உச்சியில் வெள்ளையாக ஏதோ திரள ஆரம்பித்தது. நாயகம் படங்களைப் பார்க்கவில்லை. வடிவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. 'கடவுளே, இவள் தம்பியை இவள் கையாலேயே தேட வைத்தாயே' என்று நினைத்தவர், வைத்தது கடவுள் இல்லை, தான்தான் என்று உடனே திருத்திக்கொண்டார்.

"இங்கேருங்க," என்றாள் வடிவு.

ஓடைக்கு மேலே, செங்குத்தான சரிவின் இடுக்கில் ஒரு பாறைத்திட்டு. அதில் ஒரு மந்தி உட்கார்ந்து வலது விலாவைச் சொறிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு மந்தி. அதுவும் வலது விலாவைச் சொறிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு குரங்கு," என்றார் நாயகம்.

"ரெண்டும் ஒரே கையால, ஒரே நேரத்துல, ஒரே இடத்துலயா சொறியும்? அடுத்த படத்தப் போடுங்க."

இரண்டு நிமிடம் கழித்து எடுத்த படத்தில் மந்தி போய்விட்டிருந்தது. மந்தி இருந்த இடத்தில் பாசி படிந்த ஒரு கல். அதற்கு வலப்பக்கம் அதே பாசி, அதே விரிசலோடு இன்னொரு கல். குரங்கு போய்விட்டது; இரட்டை மட்டும் போகவில்லை.

"அங்க நம்ம ஆளுங்க யாரும் நிக்கல," என்றாள் பியூலா, தன் பேனா குறிகளைப் பார்த்து. "ஆனா சார், இது சும்மாவே ரெண்டு கல்லா இருந்தா? ஸ்டீபன் சார் விஷயத்துல அரைமணி நேரம் போச்சு. அந்தச் சரிவுல ஏற ஒன்றரை மணி நேரமாகும். இது ஒண்ணுக்குத்தான் இனி நேரம் இருக்கு."

"வீடியோவா எடுக்கச் சொல்லுங்க. அதுக்கு நேர் மேல நிக்கட்டும்," என்றார் நாயகம்.

ட்ரோன் போய் நின்றது. திரையில் இரண்டு கல். ஒன்றுமே நடக்கவில்லை. ட்ரோனின் காற்றில் புல் அசைந்தது. கல் கல்லாக இருந்தது. பியூலா வாட்சைப் பார்த்தாள்.

அப்போது வலப்பக்கத்துக் கல்லின் விளிம்பு லேசாகக் கலைந்தது. பிறகு கூடியது. மறுபடி கலைந்தது. தண்ணீருக்குள் கிடக்கிற கல்லைப்போல அது நெளிந்தது. ஒரு பக்கம் உயர்ந்து, மறு பக்கம் தாழ்ந்து, மறுபடி உயர்ந்து.

"பாறை அசையுமா?" என்று கேட்டாள் வடிவு. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "கையை ஆட்டுதான். ஏங்க, எந்தம்பி கையை ஆட்டுதான். உயிரோட இருக்கான்."

நாயகம் அந்தக் கல்லைப் பார்த்துத் தன்னையறியாமல் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

மூன்று மணிக்கு மேகம் இறங்கியபோது எட்டுப் பேர் லிங்கத்தைத் தூளியில் கட்டிப் பாதிச் சரிவு இறக்கியிருந்தார்கள். வலது கணுக்கால் முறிந்திருந்தது. குளிரில் உதடு நாவல்பழமாக இருந்தது. வாய்க்கு மட்டும் ஒன்றுமில்லை. அடிவாரத்தில் அவனைப் பார்த்ததும் வடிவு முதலில் கன்னத்தில் ஒன்று கொடுத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். அதை மேலிருந்து ஒரு செய்திச் சேனல் ட்ரோன் படம் எடுத்தது. எட்டுப் பேர் காலித் தூளியைச் சுமந்து வருவதாகவும், ஒரு பெண் அதற்குள் குனிந்து அழுவதாகவும் அந்தச் சேனல் அன்று மாலை சோகமான இசையோடு காட்டியது. ஊரிலிருந்து துக்கம் விசாரிக்க நாற்பது போன் வந்தன. அதில் ஏழு போனை லிங்கமே எடுத்துப் பேசினான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவன் பக்கத்தில் நாயகம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வடிவு காப்பி வாங்கப் போயிருந்தாள். மன்னிப்புக் கேட்பதற்காக வீட்டிலிருந்தே நாலு வாக்கியம் தயார்செய்து வந்திருந்தார்.

"மாப்ள, ஒன்ன அந்தப் பட்டியல்ல..."

"அத்தான், ட்ரோன் என் தலைக்கு மேல எத்தனை தடவை வந்துச்சு தெரியுமா? முப்பத்தாறு. முப்பத்தாறு தடவையும் கையை ஆட்டினேன். தோள்பட்டை கழண்டுபோச்சு."

"தெரியாதுன்னு தெரிஞ்சும் ஏம்ல ஆட்டுன?"

லிங்கம் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். "ட்ரோனுக்கா ஆட்டினேன்? அக்காவுக்கு ஆட்டினேன். எப்படியும் ஒங்களை இழுத்துட்டு வந்து உக்காந்து பாப்பான்னு தெரியும்லா. படத்துல ஒங்களைத் தேடித் தேடித்தானே அவ கண்ணாடியே போட்டா."

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"எனக்கா? ஒங்க தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டுச் சரோஜா மயினியும் கூட உக்காந்து தேடுவா. 'இன்னைக்கு ஒங்க வீட்டுக்காரர் வாழைமரம்'னு அவதான் ஒருநாள் சொன்னா."

தயார்செய்து வந்த நாலு வாக்கியமும் நாயகத்துக்கு மறந்துபோயின. மச்சினனின் போர்வையை இழுத்து விடுவதுபோலச் சற்று நேரம் அவன் பக்கம் குனிந்துகொண்டார்.

பியூலா சும்மா இருக்கவில்லை. 'மனிதர்: 0' என்று மூடிய ஆறு வருடத்து ஃபைல்களைத் திறந்தாள்; காணாமல் போனவர்களில் மூன்று பேர் ஆபரேட்டர்கள். இரட்டைகளைத் தேட வடிவை வாரத்துக்கு இரண்டு நாள் வரச்சொல்லியிருக்கிறாள். அந்த நாட்களில் வடிவு வீட்டுக்கு வந்து அதிகம் பேசுவதில்லை, நாயகம்தான் சமைக்கிறார். மாவட்டத்து ஆபரேட்டர்கள் இருநூற்றுப் பதினெட்டுப் பேர் பெயரை நீக்க விண்ணப்பம் கொடுத்தார்கள். தேடுதல் ட்ரோன்களில் மட்டும் யாரையும் அழிக்காத மூளையை வைக்கக் கம்பெனி சம்மதித்தது. மற்றதற்கு, இனிமையான குரல் சொன்னதுபோல, இருபத்தொரு வேலைநாள். கல்யாண ஆல்பங்களில் மறுபடியும் வாயைப் பிளந்த ஆள் ஒருவர் வருவார் என்று மண்டபக்காரர்கள் இப்போதே முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். வரட்டும் என்றார் நாயகம்.

பதினேழாவது வேலைநாளில், ஆனி முடிவதற்குள் நடந்த கடைசி முகூர்த்தத்தில், வடிவின் சித்தி பேத்திக்குக் கல்யாணம். படம் நாயகம்தான். தாலி கட்டி முடிந்து எல்லாரும் வாசலில் நின்று மேலே பார்த்துக் கையாட்டுகிற படத்துக்கு அவர் ட்ரோனை ஏற்றினார். வழக்கமாக ஓரமாகப் போய் நிற்கிறவர் அன்று கூட்டத்துக்குள் நுழைந்தார். இரண்டு பெரியப்பாக்களை விலக்கினார். ஒரு குழந்தையை இடம் மாற்றி வைத்தார். மேலே பார்த்து, கீழே பார்த்து, அரை அடி தள்ளி நின்று, அரை அடி திரும்பி வந்தார்.

"என்ன செய்யிதீய? போய் வேலையப் பாருங்க," என்றாள் பச்சைப் புடவையில் நின்ற வடிவு.

"வேலையத்தான் பாக்கேன்."

மறுநாள் மத்தியானம் வடிவு டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாயகம் பேப்பர் படிப்பதுபோல எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் விரல் முதலில் மூலைகளுக்குப் போனது. செருப்புக் குவியலைப் பார்த்தது. வாழைமரங்களை எண்ணியது. பந்தல்காலைப் பெரிதாக்கியது. எங்கும் எதுவும் இரட்டையாக இல்லை. அவள் நெற்றி சுருங்கியது. பிறகு விரல் கூட்டத்தின் நடுவுக்கு வந்து அப்படியே நின்றது.

பச்சைப் புடவையில் ஒரு வடிவு கையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கம், அதே பச்சைப் புடவை, அதே பூ, அதே மூக்குத்தியோடு இன்னொரு வடிவு.

நாயகம் பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தியையே ஒங்களால சமாளிக்க முடியல. இதுல ரெண்டா?" என்றாள் வடிவு. சொல்லிவிட்டு, இரண்டாவது வடிவைத் திரை நிறையப் பெரிதாக்கினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் ஒட்டி நின்னிருக்கலாம்லா," என்றாள் அதனிடம்.